கல்யாணத்துக்கு வைத்திருந்த பூந்தண்டு

தேயிலை விலை விழுந்த வருஷம் அது. எங்கள் எஸ்டேட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. பக்கத்து வீட்டு அக்கா அங்கே கொழுந்து பறிப்பவர், சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்தவர். ஈஸ்டர் முடிந்ததும் அவர் மகளுக்குக் குன்னூர் சர்ச்சில் கல்யாணம். கடையில் பூ வாங்க அவர்களுக்குத் தெம்பில்லை. கல்யாணப்பெண் கையில் பிடிக்கிற பூவை நான் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுப் பின்புறம் பலகை மேல் இருபது ஆர்க்கிட் தொட்டிகள் இருந்தன. அவற்றில் நாலில் பூந்தண்டு முளைத்திருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே வாரத்தில் தண்டு நுனிகளில் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது. தேயிலைக்கு அடிக்கிற மருந்தைக் கொண்டு வரட்டுமா என்றார் என் வீட்டுக்காரர்.

"பொண்ணு மூக்குக்கிட்ட வெச்சுப் புடிக்கிற பூவுங்க. உங்க மருந்தை உங்க தோட்டத்துலயே வெச்சுக்கங்க" என்றேன்.

சோப்புத் தண்ணீரில் மெல்லிய பிரஷ்ஷைத் தோய்த்துப் பூச்சியைத் துடைத்தெடுத்து, நல்ல தண்ணீரில் அலச வேண்டும். வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். எறும்பு ஏறினால் பூச்சி பெருகும் என்பதால், பலகையின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய டின்களில் நிறுத்தினேன். எனக்குப் பொறுமை கிடையாது. அசுவினிக்காக மட்டும் எங்கிருந்தோ வந்தது.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில், "பூச்சி இருக்கறதைப் பாத்து எடுத்துப் போட்டுருங்க்கா" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்தபோது முகமெல்லாம் சிரிப்பாக நின்றிருந்தார்.

"பத்தே நிமிசம் டீச்சர். எல்லாம் நுனியிலதான் இருந்துச்சு. கிள்ளிப் போட்டுட்டேன்."

முப்பது வருஷம் கொழுந்து கிள்ளிய கை அது. மூன்று தண்டின் நுனியும், கடுகு கடுகான மொட்டுகளோடு, முறத்தில் கிடந்தன. நாலாவது தண்டு இலைகளுக்குள் மறைந்திருந்ததால் தப்பித்தது.

"அது உங்க பொண்ணோட பூவுங்க்கா" என்று கத்திவிட்டேன். அவர் முகம் செத்துப்போனது. மொட்டு எங்கே இருக்கும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எனக்கே என் மேல் வெட்கமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் பிரஷ்ஷைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வேலையில்லாத நாளெல்லாம் ஸ்டூல் போட்டு அந்த ஒற்றைத் தண்டின் முன் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு பூச்சியாக எடுத்து, "எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு ஒன்னைய யாரு கூப்புட்டா?" என்று விசாரிப்பார். சமையலறையில் என்னால் சிரிப்பை அடக்க முடியாது. பள்ளிக்கூடம் விட்டதும் நானும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். மொட்டுகள் பருத்தன. ஈஸ்டருக்குள் பதினான்கு பூக்கள் விரிந்தன. எதிலும் ஒரு புள்ளி இல்லை.

கல்யாணத்தன்று காலை புதுச்சேலையில் வந்தார். கத்தரிக்கோலை நீட்டினேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீங்களே வெட்டுங்க டீச்சர். எங்கையி வேணாம்."

"உங்க கைதானுங்க்கா வேணும்."

தயங்கித் தயங்கி வாங்கினார். தண்டின் அடியில் கத்தரியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இப்பக் கிள்ளலாந்தானே, டீச்சர்?"

 தண்டை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.