குதிரை முதுகில் வேர்க்காத இடம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் ராயப்பேட்டையில் ஆட்டோ, வேன், ஸ்கூட்டர் என்று நான் சீட் தைக்காத வண்டி இல்லை. டேப் வைக்காமல் கண்ணாலேயே அளவெடுப்பேன். பெருமைக்காகச் சொல்லவில்லை; உண்மை அப்படி அமைந்துவிட்டது.

அதனால், பெசன்ட் நகர் கடற்கரையில் குழந்தைகளுக்குச் சவாரி விடும் ஒரு பெண் தன் குதிரையோடு என் கடை வாசலில் வந்து நின்றபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. என் பேர் குதிரை வரைக்கும் போயிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

"நைனா, பழைய சேணம் அழுத்தி முதுகுல புண்ணாகி இப்பதான் ஆறிக்கீது. இன்னொரு வாட்டி புண்ணாச்சுன்னா இதும்மேல சேணமே போடக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. பாத்துத் தைச்சுக் குடு."

"ஆறு பேர் நசுங்கிக்கினு போற ஷேர் ஆட்டோவுக்கே நான்தாம்மா சீட்டு. இது ஒண்டி ஆளு உக்கார்றது!"

"உக்கார்றவனுக்கு இன்னா நைனா? தூக்கிக்கினு போறது இதாச்சே."

அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழைய சேணத்தின் மரச் சட்டத்துக்கு மேலும் கீழும் கனமான ஸ்பாஞ்ச், அதன்மேல் அரக்கு நிற ரெக்சின், ஓரத்தில் மஞ்சள் பட்டி. உட்கார்ந்து பார்த்தேன். கண் சொக்கியது.

நான்காம் நாள் வந்து சேணத்தைப் பூட்டி, மணிக்கூண்டு வரை ஓட்டிவிட்டுத் திரும்பினாள். நல்ல வெயில். சேணத்தை இறக்கினால், குதிரையின் முதுகு முழுக்க வேர்வை. தோளுக்குப் பின்னால் மட்டும், பக்கத்துக்கு ஒன்றாக, உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு இடம் காய்ந்திருந்தது.

என் தொழிலில் வருகிற புகாரே வேர்வைதான். சட்டை ஒட்டுகிறது, சீட் சுடுகிறது என்பார்கள். ஆகவே தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்: "பாத்துக்கோ! வேர்வையே இல்ல. ஏசி காருல கூட இப்படி ஒரு சீட்டு கிடையாது!" எதிர்ப்பக்க டீக்கடைக்காரர் கைகூடத் தட்டினார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ நைனா! காஞ்சுகீற எடம்தான் அமுக்குற எடம். வேர்வை வர்றதுக்குக் கூட வழியில்லாம நசுக்கிக்கீது."

"மெத்து மெத்துன்னு கீற ஸ்பாஞ்சு எங்க அமுக்கும்?"

"அப்போ குனி."

சவாலுக்குப் பின்வாங்கிப் பழக்கமில்லாதவன் நான். கடை வாசலில் குதிரை மாதிரி தரையில் கையை ஊன்றி நின்றேன். முதுகில் சேணத்தை வைத்தாள். மேலே ஏறி உட்கார்ந்தவர் டீக்கடைக்காரர். அவர் எடையை நான் சொன்னால் சண்டைக்கு வருவார். ஸ்பாஞ்ச் ஒரே நொடியில் அப்பளமானது. உள்ளே இருந்த கட்டை முதுகெலும்பைக் கடித்தது.

"எம்மா! எறக்கு, எறக்கு!"

"சீட்டு ஜோராத்தான் கீது நைனா. வண்டிதான் ஸ்டார்ட் ஆவல" என்றார் மேலே இருந்தவர்.

அன்றைக்கே எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன். தடித்த மின்கம்பியைக் குதிரையின் தோள்மேல் வைத்து வளைத்து, அந்த வளைவை அட்டையில் வரைந்துகொண்டேன். அதற்கேற்ப ஆசாரியிடம் புதிதாக அகலமான சட்டம் செய்து வாங்கினேன். அடி மெத்தையை இரண்டாக்கி, முதுகெலும்பை எதுவும் தொடாதபடி நடுவில் வழி விட்டேன். ஸ்பாஞ்சைத் தூக்கிவிட்டு, கெட்டியான கம்பளித் துணி வைத்தேன்.

மறுபடியும் மணிக்கூண்டு வரை போய் வந்தாள். இறக்கினால், காய்ந்த இடமென்று ஒன்றுமில்லை, ஒரே சீராக வேர்வை. ஆறிய புண்மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்திப் பார்த்தாள். குதிரை தோலைக்கூடச் சிலிர்க்கவில்லை. கடைவாசலில் காயப்போட்டிருந்த தேங்காய் நார் சீட்டைத் தின்பதில் மும்முரமாக இருந்தது.

"இப்ப சரியாக்கீது நைனா" என்றாள்.

இந்த ஊரில் சேணம் தைக்கிறவர்கள் இன்னும் சிலர் இருக்கலாம். தன் முதுகிலேயே போட்டு, ஆளையும் ஏற்றிப் பார்த்துத் தைத்தவன் நான் ஒருவன்தான். இரண்டு வாரம் நிமிர முடியவில்லை என்பது வேறு விஷயம்.