அடுப்பு காணாத காலைச் சாப்பாடு

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

எழுதும் பொறுப்பைத் தம்பி என்னிடம் தள்ளிவிட்டான். “நீதான் மந்திர் மார்க் ஸ்கூல்ல தமிழ் மீடியம் படிச்ச. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே அரை நாள் ஆகும். ஜல்தி எழுதிக் குடுக்கா, பிரஸ்காரர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டார்” என்றான். அச்சகத்தார் மாதிரிக்கு ஒரு பழைய மலரையும் அனுப்பியிருந்தார். யாரோ ஒரு பெரியவரைப் ‘பண்பின் சிகரமே, பாசத்தின் ஊற்றே’ என்று விளித்திருந்தது. பெயரை மட்டும் மாற்றினால் போதுமாம். அப்பா சிகரம் இல்லை. ஐந்தடி நான்கு அங்குலம்.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போவது போல உள்ளே என்னவோ மரத்துக் கிடக்கிறது. எனவே உருக்கமாக எழுத வராது. தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல் ஊரில். ஆறு வயதில் தாயை இழந்தார். பத்து வயது மூத்தவரான அத்தை பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அடுப்படிக்குள் போனார். அத்தை ஆக்கிப் போட்ட சோற்றில்தான் அப்பா வளர்ந்தார், படித்தார், பரீட்சை எழுதினார், மத்திய அரசு வேலையில் டெல்லிக்கு ரயிலேறினார். இதை அப்பா ஒருநாளும் மறந்ததில்லை. அத்தையும் மறக்க விட்டதில்லை.

அம்மா இங்கே ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் செவிலியர். திருமணத்துக்குப் பின் கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. மேல்மாடி வீடு. தலைக்கு மேல் மொட்டைமாடி. மே மாதத்தில் காலை ஏழு மணிக்கே தளம் சுடத் தொடங்கிவிடும். ஒரு படுக்கையறை, அதை ஒட்டிச் சமையலறை, நடுவே ஒரு சுவர். அந்தச் சுவரோரம்தான் கட்டில். அம்மாவுக்கு அப்போது பெரும்பாலும் இரவு டியூட்டி. காலை எட்டு மணிக்கு வந்து, குளித்து, எட்டரைக்குப் படுப்பார். அதற்கு முன் இரண்டு மணி நேரம் அந்தச் சமையலறையில் இட்லியும் சாம்பாரும் வெந்திருந்தால் சுவர் சுடும். ஆவி கூலர் காற்றோடு கலந்து அறையே புழுங்கும். அம்மா புரண்டு புரண்டு படுத்துவிட்டுத் தூங்காத கண்ணோடு சாயங்காலம் மறுபடி டியூட்டிக்குப் போவார். ஒரு கோடையில் வார்டில் மருந்துத் தட்டைக் கையில் பிடித்தபடியே சாய்ந்து விழுந்துவிட்டார். நெற்றியில் மூன்று தையல்.

அதன் பிறகு அப்பா ஒரு சட்டம் போட்டார். ஏப்ரல் பாதியிலிருந்து மழை இறங்கும் வரை எங்கள் வீட்டில் காலையில் அடுப்பு எரியக்கூடாது. காலைச் சாப்பாடு அவர் பொறுப்பு.

அம்மா டியூட்டிக்குக் கிளம்பியதும் சமையலறை ஜன்னலையும் பின்கதவையும் திறந்து போட்டு, எரிக்க வேண்டியதையெல்லாம் சாயங்காலமே எரித்து முடிப்பார். கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய்வற்றல், பெருங்காயம் எல்லாவற்றையும் எண்ணெயில் தாளித்து ஆறவைத்து ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் ஊற்றி வைப்பார். ஒரு வாரத்துக்குத் தாளிப்பு அந்த பாட்டில்தான். மறுநாளைக்குக் கம்பங்கூழ் என்றால் காய்ச்சி ஆறவிடுவார். டெல்லியில் பாஜ்ரா என்று கேட்டால் கம்பு கிடைக்கும் என்பது அப்பாவின் பெரிய கண்டுபிடிப்பு. ஊரில் எல்லோருக்கும் கடிதம் போட்டுச் சொன்னார். சில நாள் முளைகட்டிய பாசிப்பயறில் தேங்காயும் மாங்காயும் போட்டுத் தருவார். சில நாள் பழைய சோறும் மோரும். அலுவலகத்தில் பீகார்க்காரர் ஒருவர் சத்து என்னும் வறுகடலை மாவை அறிமுகப்படுத்தி வைத்தார். அதைத் தண்ணீரில் கரைத்து எலுமிச்சையும் வெங்காயமும் சேர்த்துத் தருவார். தம்பி அதற்கு சிமெண்ட் என்று பெயர் வைத்தான். பிறகு அப்பாவே, “நாளைக்கு சிமெண்ட்” என்று அறிவிப்பார்.

அப்பாவின் கைப்பாகம் என்றால் அது மோர் அவல்தான். கெட்டி அவலைக் கழுவி, மோர் ஊற்றி, எவர்சில்வர் டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில் வைப்பார். காலையில் தாளிப்பு இரண்டு கரண்டி, இஞ்சி, துருவிய தேங்காய். உப்பும் காலையில்தான். முதல்நாளே உப்புப் போட்டால் நீர்த்துப் போகும் என்பது அவர் கட்சி. விடுமுறை நாட்களில் தம்பியும் நானும் சாப்பிட உட்காரும்போது அம்மா உள்ளே படுத்திருப்பார் என்பதால் யாரும் பேசக்கூடாது. அப்பா கட்டைவிரலை மற்ற விரல்களோடு தேய்த்துக் காட்டிப் புருவத்தைத் தூக்குவார். உப்பு சரியாக இருக்கிறதா என்று அர்த்தம். வாயில் வைப்பதற்கு முன்பே நாங்கள் தலையாட்டிவிடுவோம். அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படிக்கட்டில் போய் மாட்டிக்கொள்வார். அந்த மூன்று மாதமும் வீட்டில் அவருக்குக் காலைக் காப்பி கிடையாது. அலுவலகத்துக் காப்பிதான். அதைக் காப்பி என்று சொல்லக்கூடாது என்பார்.

ஒரு தவற்றையும் இங்கே எழுத வேண்டும். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழ்வீட்டிலிருந்து பூரி வாசனை வந்தது. அப்பா தயிர் வாங்கப் போயிருந்தார். நான் தோசைக்கல்லைப் போட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். மூன்றாவது தோசையில் அப்பா வந்துவிட்டார். அடுப்பை அணைத்தார். நான் கத்தினேன்: “எல்லார் வீட்லயும் சூடாச் சாப்பிடறாங்க. நம்ம வீட்ல மட்டும் எழவு வீடு மாதிரி அடுப்பே எரியாது!”

உள்ளேயிருந்து அம்மா, “என்ன சத்தம்?” என்றார்.

“ஒண்ணுமில்ல. நீ படு” என்று அப்பா சொன்னார். பிறகு என்னைப் படிக்கட்டுக்குக் கூட்டிப் போய், “அவ ராத்திரி பூரா நின்னுட்டு வந்திருக்கா, தாயி” என்றார். அவ்வளவுதான். நான் மன்னிப்புக் கேட்டதாக நினைவில்லை.

அத்தையின் மகனான அத்தான் இங்கே துவாரகாவில் வீடு வாங்கியபோது அத்தையும் டெல்லிக்கு வந்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தது ஒரு மே மாதம். தட்டில் மோர் அவல். அத்தை அதையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். “இதென்னடா?”

“அவல்க்கா. நான்தான் ஆக்கினேன்.”

“ஊறப்போட்டதெல்லாம் ஆக்குனதாயிருமாக்கும்? அடுப்பு காணாததை ஆக்குனதுன்னு சொல்லாத. மாட்டுக்குப் பருத்திக்கொட்ட ஊறப்போடுற மாதிரி ஊறப்போட்டிருக்க.”

அன்றிலிருந்து அது குடும்பப் பேச்சாகிவிட்டது. உங்களில் பலருக்கு நினைவிருக்கும். என் திருமணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் அத்தை, “எந்தம்பி வீட்டுக்கு எப்ப வேணாலும் வாங்க. காலச் சாப்பாட்டுக்கு மட்டும் வந்துராதீக” என்றபோது மண்டபமே சிரித்தது. எல்லோரையும் விட அப்பாதான் உரக்கச் சிரித்தார். காரணத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பெண்டாட்டி தூங்குவதற்காக அடுப்பை அணைத்து வைக்கிறான் என்று தெரிந்தால் பேச்சு அம்மாவின் மேல் திரும்பும். அதைவிடத் தன் மேலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். சோம்பேறி, கருமி, கோட்டிக்காரன் என்று என்னென்னவோ பெயர் வாங்கினார். இத்தனை வருடம் அவர் சொல்லாததை நான் இப்போது அச்சில் சொல்லிவிட்டேன். இந்தக் கட்டுரையே அதற்குத்தான்.

இருவரும் ஓய்வுபெற்று மயூர் விஹார் ஃபிளாட்டுக்குப் போனார்கள். அங்கே படுக்கையறை ஒரு மூலை, சமையலறை ஒரு மூலை. ஏ.சி.யும் உண்டு. சட்டம் மாறவில்லை. இத்தனை வருட இரவு டியூட்டியில் அம்மாவுக்கு ராத்தூக்கம் கெட்டுவிட்டது. விடிந்தால்தான் கண் அயர்வார். அதனால் காலை எட்டு மணி வரை அந்த வீட்டில் குக்கர் விசில், மிக்ஸி, அடுப்பு எதுவும் கிடையாது. “இப்பதான் ரூம் சுடாதே, அப்பா” என்று ஒருமுறை கேட்டேன். “பழகிப்போச்சு, தாயி” என்றார்.

பதினாறு நாட்களுக்கு முன், ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, அப்பா வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்திருக்கிறார். உப்பு ஜாடியை மட்டும் எடுத்து மேடையில் வைத்திருக்கிறார். எட்டு மணிக்கு அம்மா எழுந்து வந்து பார்த்தபோது சமையலறையில் மோடா என்னும் பிரம்பு முக்காலியில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உடம்பு குளிர்ந்திருந்தது. தொட்டதுமே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, எத்தனை பேரைப் பார்த்தவர்.

கூப்பிட்டிருக்கலாமே என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறீர்கள். மாரடைப்பு, கூப்பிட நேரமே இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். நான் அதை நம்புகிறேன். நம்பாவிட்டால், அம்மா தூங்குகிறார் என்று அப்பா கூப்பிடாமல் இருந்துவிட்டார் என்று ஆகும். அதை என்னால் யோசிக்க முடியாது. அம்மாவும் இப்போது காலையில் தூங்குவதில்லை.

இனி நன்றி சொல்ல வேண்டும்.

உடனே ஓடிவந்த மாடி டாக்டருக்கு நன்றி. நொய்டாவிலிருந்து நான் வந்து சேரும் வரை அம்மாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு ஆன்ட்டிக்கு நன்றி. “குச் தோ கா லோ, பேட்டி” என்று, எதையாவது சாப்பிடச் சொல்லி, அவர் சுடச்சுடப் பராத்தா கொண்டுவந்து நீட்டினார். சூடு கையில் பட்டது தெரிந்தது, வேறு எதுவும் தெரியவில்லை. பெங்களூரிலிருந்து தம்பி வந்து சேரும் வரை அந்த வெயிலில் ஐஸ் பெட்டிக்கு ஓடி அலைந்த அப்பாவின் பழைய அலுவலக நண்பர்களுக்கும், காரியங்களைக் குறைவில்லாமல் நடத்தித் தந்த பெரியவர்களுக்கும் நன்றி.

கடைசியாக அத்தைக்கு.

அன்று பத்து மணிக்கு அத்தை வந்தார். தலைமாட்டில் சற்று நேரம் நின்றார். பிறகு புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆக வேண்டியதைப் பார்க்க ஆரம்பித்தார். “எடுக்குற வரைக்கும் அடுப்பு பத்தவைக்கக்கூடாது. ஆக்கி வச்சதெல்லாத்தையும் கொட்டிருங்க. குடத்துத் தண்ணியும் ஆகாது” என்றார். யாரையும் எதிர்பார்க்காமல் அவரே ஃபிரிட்ஜைத் திறந்தார். முதல்நாள் சாம்பார் போனது. சோறு போனது. அடுத்து எவர்சில்வர் டப்பாவில் கை வைத்தார்.

“அத்தை, அது ஆக்கினது இல்ல” என்றேன்.

அத்தை மூடியைத் திறந்தார். மோரில் ஊறிய அவல்.

“அடுப்பே காணாதது, அத்தை. நீங்கதானே சொல்லுவீங்க.”

குத்திக்காட்டச் சொல்லவில்லை. இருக்கிற அப்பாவில் அது ஒன்றுதான் கொட்டாமல் மிஞ்சியிருந்தது, அவ்வளவுதான். பெண்கள் எல்லோரும் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தீட்டு, சாஸ்திரம் என்று வந்துவிட்டால் அத்தை விட்டுக்கொடுக்காதவர் என்பது உங்களுக்கே தெரியும். அத்தை டப்பாவைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தார்.

“ஆமா. இது ஆக்குனது இல்ல” என்றார். மூடியை அழுத்தி மூடி, பால் பாத்திரத்துக்குப் பின்னால் தள்ளி வைத்தார்.

மாலையில் தகனம் முடிந்து எல்லோரும் குளித்து உட்கார்ந்தோம். எதிர்வீட்டிலிருந்து சாப்பாடு வந்திருந்தது. அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அத்தை அந்த டப்பாவை எடுத்துவந்து அம்மாவின் மடியில் வைத்தார். அம்மா ஒரு வாய் எடுத்தார். தம்பி எடுத்தான். நானும் எடுத்தேன். தாளிப்பு இல்லை. இஞ்சி இல்லை. உப்பு இல்லை. நான் உப்பு ஜாடியை எடுக்க எழுந்தேன்.

“சரியா இருக்கு, உக்காரு” என்றார் அம்மா. பிறகு அத்தையைப் பார்த்து, “நான் உறங்கணும்னுதான் மதினி, அடுப்பு மூட்டாம இருந்தாக. ரூம் புழுங்கும்னு. இத்தன வருசமும்” என்றார்.

அத்தை டப்பாவை வாங்கி, அடியில் இருந்ததை வழித்து ஒரு வாய் போட்டுக்கொண்டார். எண்பதை நெருங்கும் வயதில் பல் சரியில்லை, மெல்ல நேரமாயிற்று. மென்று விழுங்கிவிட்டு, அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தைப் பார்த்துச் சொன்னார்:

“நல்லா ஆக்கியிருக்கான்.”

அத்தைக்கு எங்கள் நன்றி.