முழந்தாளில் எடுத்த அளவு

தையல் தொழிலில் துணியோடு மல்லுக்கட்டுவது லேசு. துணிக்குள் இருக்கிற ஆளோடுதான் பாடு. மெஷின் மிதிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகிற வீதியில் என் கடை. சாரி பிளவுஸ், பள்ளிக்கூட உடுப்புகளோடு, கண்ணிவெடி அகற்றும் பெண்களின் கவச உடுப்புகளுக்கு உறையும் வாரும் தைப்பதும் என் வேலை.

முதுகு எங்கே?

கவசத்துக்கு முன்பக்கம் மட்டும்தான். மண்டியிட்டு மண்ணைக் கிளறும்போது வெடித்தால் எல்லாம் கீழேயிருந்து முன்னால்தான் வரும். கை, முகம், தொண்டை என்று காயம் படுகிற இடத்தைப் பார்த்துத்தான் வெட்டே. முதுகை மூடினால் வெயிலும் பாரமும்தான் மிச்சம். இதையெல்லாம் எனக்குத் துணி கொண்டுவரும் கிண்ணியா காதர் நானாவுக்கு விலாவாரியாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"முதுகுக்குத் துணி காணாட்டி ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே தங்கச்சி, நான் கொண்டந்து தந்திருப்பன்."

புல்லுப் பிடுங்கிய கதை

கண்ணிவெடி அகற்றும் சாம்பல்தீவுச் செல்வி கவசத்தைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். அளவு அச்சொட்டாக இருந்தது. "நிக்கேக்க நல்லாத்தான் இருக்கு அக்கா. குனிஞ்சா முன்னுக்குத் தொங்குது" என்றாள். எனக்கு விளங்கவில்லை. அன்று பின்னேரம் அன்புவழிபுரத்தில் என் வீட்டு முற்றத்தில் அந்தக் கவசத்தையும் முகத்தை மூடும் கண்ணாடி மறைப்பையும் மாட்டிக்கொண்டு, முழந்தாளில் நின்று புல்லுப் பிடுங்கிப் பார்த்தேன். ஆம்பிளை அளவில் தைத்த முதுகுப்பக்க வார்கள் தளர்ந்து, கழுத்துப்பட்டி கீழே இறங்கிவிட்டது. தொண்டை வெளியே! வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மணியண்ணைக்கு வேறு கவலை:

"புல்லுக்கு இவ்வளவு பயமெண்டா, ரெண்டு ஆட்டைக் கட்டிவிடன் பிள்ளை."

அடுத்த நாளே செல்வியின் மேற்பார்வையாளரிடம் கேட்டு, எல்லாப் பெண்களையும் கடையில் மண்டியிட வைத்து அளவெடுத்து வார்களைக் குறுக்கினேன்.

புது உடுப்பு

சில மாதம் கழித்து, செல்வி வேலை செய்த இடத்தில் ஒன்று வெடித்துவிட்டதாகச் செய்தி வந்தது. அன்று முழுக்க என்னால் ஊசியில் நூல் கோர்க்க ஏலவில்லை. அவள் ஆசுப்பத்திரியில் இருக்கிறாள், உயிருக்கு ஆபத்தில்லை என்று பொழுதுபடத்தான் தெரிந்தது.

பிறகு ஒருநாள் கையில் கட்டோடு அவளே கடைக்கு வந்தாள். பழைய கவசத்தின் கழுத்துப்பட்டி கந்தலாம். கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கட்டிப்பிடித்து அழுதேன். அவளோ புதுக் கவசத்தை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அழுறதை விட்டிட்டு அளவெடுங்கோ அக்கா, ஆசுப்பத்திரிச் சாப்பாட்டில நான் கொழுத்துப் போனன்."

மற்றத் தையல்காரர் குறை சொல்ல வரும் ஆளைக் கண்டு ஒளிக்கலாம். எனக்கோ, குறை சொல்ல ஆள் உயிரோடு வந்து நின்றாலே போதும்.