நத்தைக்கறியும் அவர் தொப்பையும்

என் வீட்டுக்காரருக்கு மலத்தோடு ரத்தம் போகிறது என்பது எனக்குத் தெரிவதற்கு முன்பே முத்தியால்பேட்டை டீக்கடைக்குத் தெரிந்திருந்தது. அங்கே உட்காரும் ஆண்கள் அத்தனை பேரும் வைத்தியர்கள். மூலம்தான் என்று ஒருவர் முடிவு செய்தார், கருணைக்கிழங்கு சாப்பிடு என்றார் இன்னொருவர், நத்தைக்கறிக்கு மிஞ்சியது எதுவும் இல்லை என்று மூன்றாமவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி என்ற பேச்சை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை. அங்கே போனால் வேட்டியை அவிழ்த்துக் காட்ட வேண்டியிருக்குமே!

ஆக, என் அடுப்பில் நத்தை ஏறியது. மீன் மார்க்கெட் வாசலில் கிராமத்துப் பெண்கள் கூறு வைத்து விற்கும் வயல் நத்தையை வாங்கி வந்து, வேகவைத்து, ஊக்கால் ஒவ்வொன்றாகக் குத்திச் சதையை எடுத்து, வழவழப்புப் போக உப்பும் மஞ்சளும் போட்டு அலசி, சின்ன வெங்காயத்தோடு மிளகைத் தூக்கலாகப் போட்டு வதக்குவேன். எத்தனை சோப்பு போட்டாலும் கை நாற்றம் போகாது. ஒரு காரியத்தை எடுத்தால் அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை நான்.

கொஞ்ச நாளில் அவரே வந்து சொன்னார்: "நின்னுடுச்சு."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கேட்கிற மருந்தை யாராவது பாதியில் விடுவார்களா? இன்னும் அடிக்கடி செய்தேன். அவருடைய தொப்பைகூடக் கரைய ஆரம்பித்தது. பேண்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புது ஓட்டை போட்டோம். "அண்ணனுக்கு என்னாக்கா குடுக்கறே? மாப்ள மாதிரி ஆயிட்டாரே!" என்று தெருப் பெண்கள் என்னை நிறுத்திக் கேட்டார்கள். நானும் வெட்கமில்லாமல் பெருமையடித்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் வண்டியை எடுக்கப் போனவர் வாசலிலேயே மயங்கி விழுந்தார். ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உடம்பில் ரத்தமே இல்லை என்று ரத்தம் ஏற்றினார்கள். குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "எவ்ளோ நாளா எளைச்சுக்கிட்டு வர்றாரு?" என்று கேட்டார்.

"எளைக்கல டாக்டர். நத்தைக்கறியில தொப்ப கரைஞ்சிருக்கு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "மூலம் இல்லம்மா. பெருங்குடல்ல கேன்சர். உடம்பு கரைஞ்சது அதனாலதான்."

காது அடைத்துக்கொண்டது. அவர் வாய் அசைகிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தெருவே கூடிப் பாராட்டியது வியாதியையா? பெல்ட்டில் ஓட்டை போட்டுவிட்டு நாங்கள் சிரித்தோமே, அது இதற்கா? ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம், எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும் என்று அவர் இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டேன். "நின்னுடுச்சுன்னு சொன்னீங்களே, அப்புறம் எப்ப திரும்ப வந்துச்சு?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நிக்கவே இல்ல."

"என்னாது?"

"நின்னுடுச்சுன்னு சொன்னா நீ நத்தை செய்யறத நிறுத்திடுவேன்னு பாத்தேன். எனக்கு அந்த வாசனையே ஆவல. கொமட்டுது. நீ என்னடான்னா இன்னும் அதிகமா செஞ்சே."

"புடிக்கலன்னு வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னா?" என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

"அவ்ளோ பாடுபட்டு செய்யறே. எப்படிச் சொல்றது?"

இப்படியும் ஒரு மனுஷன் இருப்பாரா? கறி பிடிக்கவில்லை என்று அன்றைக்கே தட்டைத் தள்ளியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். ரத்தம் நின்றதா இல்லையா என்று அந்தச் சண்டையிலேயே கேட்டிருப்பேன். அன்றைக்கே ஆட்டோ பிடித்திருப்பேன்.