ஐந்தாம் எண் கட்டுரை

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மறுபடியும் சாப்பாடு பரிமாறப்படுகிறது. ஒரு வருஷத்துக்கு மேலாக அதில் கட்டுரைகள்தான் குடியிருந்தன. நான் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுப் பழகிவிட்டேன்.

என் மனைவி கல்லூரியில் சமூகவியல் சொல்லிக்கொடுக்கிறாள். ஓர் ஆய்விதழ், ஒரேயொரு சிறப்பிதழுக்கு மட்டும் ஆசிரியராக இருந்து தரும்படி அவளைக் கேட்டது. சம்பளம் கிடையாது. கேட்ட மாத்திரத்தில் தலையாட்டிவிட்டாள். சிறப்பிதழின் பொருள் காத்திருத்தல். ஆஸ்பத்திரி வரிசை, பேருந்து நிறுத்தம், அலுவலக பெஞ்சு என்று மனிதர்கள் காத்துக்கிடக்கும் இடங்களைப் பற்றிய ஆராய்ச்சி. எழுதுகிறேன் என்றவர்கள் பொருளை நடத்தையிலேயே விளக்கினார்கள். ஒருவரும் சொன்ன தேதிக்குத் தரவில்லை.

கட்டுரைகளை மதிப்பிடுகிறவர்களுக்கு எழுதியவர் யாரென்று தெரியக்கூடாது என்பது அந்த உலகத்து வழக்கம். என் மனைவிக்கு அது போதவில்லை. வரிசையில் யாராவது தெரியாமல் முன்னே விட்டுவிட்டால்கூடத் திரும்பிப் போய்க் கடைசியில் நிற்கிற ரகம் அவள். ஆசிரியரான தனக்கும் தெரியக்கூடாது என்றாள். அதனால் எழுதுகிறேன் என்ற கடிதங்களும் கட்டுரைகளும் எனக்குத்தான் வந்தன. மருந்துக்கடை வைத்திருக்கிறவன் நான். கடையில் கூட்டமில்லாத நேரத்தில் பெயர்களை எடுத்துவிட்டு எண் போட்டுக் கொடுத்தேன். யார் எழுதியது என்பதை அவள் கேட்கவும் மாட்டாள், நான் சொல்லவும் மாட்டேன் என்று பேச்சு.

நான்கு கட்டுரைகள் தேறின. ஐந்தாவதில் வண்டி நின்றது. அதைப் படித்த இருவரும் ஆளுக்கொரு வரி எழுதியிருந்தார்கள். 'மிகச் சிறப்பு. அப்படியே வெளியிடலாம்.' ஆய்விதழின் தலைமை ஆசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை.

"இது மதிப்பீடா, வாழ்த்து மடலா?" என்றார் போனில். "மாசக் கடைசிக்குள்ள அஞ்சு கட்டுரை ஒழுங்கா தேறணும். இல்லேன்னா சிறப்பிதழே வேண்டாம், விட்டுடலாம்."

விட்டுவிடுவதா? அன்று முழுக்க அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் மதியம் முகம் தெளிந்து வந்து உட்கார்ந்தாள்.

"அஞ்சாவதை கத்திரிக்கோலுக்கு அனுப்பிட்டேங்க. அவர் யாரையும் விடமாட்டார். ஒழுங்கா படிப்பார்."

கத்திரிக்கோல் என்பது ஒரு பேராசிரியரின் பட்டப்பெயர். அவர் கையில் சிக்கிய கட்டுரை பாதியாகத்தான் திரும்பும் என்று துறையே நடுங்கும். நான் சாப்பிடுவதை நிறுத்தினேன்.

"யாருக்கு?"

"அதான் சொன்னேனே. ஏன் முழிக்கறீங்க?"

"அம்மா தாயே, அது அவரே எழுதினதுடி!"

தட்டை வைத்துவிட்டு ஓடினாள். கணினி, அவர் கட்டுரையைத் திறந்துவிட்டார் என்று காட்டியது. வில்லங்கத்தை விலை கொடுத்து வாங்கியிருந்தோம். கேலி செய்கிறாள் என்று அவர் நினைத்துக் கட்டுரையைப் பிடுங்கிக்கொண்டால், ஐந்து நான்காகும், சிறப்பிதழ் காற்றில் போகும். "நீங்க வாயைத் திறந்திருக்கலாமே?" என்று என் மேல் பாய்ந்தாள். சொல்லக்கூடாது என்றவளே அவள்தான். எனக்கும் கோபம் வந்தது, ஆனால் அவள் அழ ஆரம்பித்ததும் அடங்கிவிட்டது.

அந்த வாரம் அவள் காத்திருத்தலைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டாள். பிறகு ஒரு காலையில் அவரே போன் செய்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். தனியாகக் கேட்கத் தைரியமில்லை.

"ஏம்மா, என் கட்டுரையை எனக்கே அனுப்பி குறை சொல்லச் சொல்றீங்களே, கிண்டலா?"

"ஐயோ, சத்தியமா எனக்குத் தெரியாது சார். பேரெல்லாம் வீட்டுக்காரர்தான் எடுத்தார்."

அந்தப் பக்கம் பலமான சிரிப்பு. "முதல் வரியிலேயே கண்டுபிடிச்சுட்டேன். முன்னாடி படிச்சவங்க என்ன சொன்னாங்க?"

அவள் அந்த இரண்டு வரிகளையும் படித்துக் காட்டினாள். சிரிப்பு நின்றுபோனது.

"அவங்களும் கண்டுபிடிச்சிருக்காங்க," என்றார். "பயந்துட்டாங்க. நான் வேற யாரோ எழுதினதுன்னு வச்சுக்கிட்டுப் படிச்சேம்மா. நடுவுல பாதி வெறும் வளவளப்பு. வெட்டிட்டேன், புதுசை அனுப்பறேன். ஆனா என் மதிப்பீடு கணக்குல வராது. என்னைத் தெரியாத ஆளுங்களா பார்த்து அனுப்புங்க. வேற துறையா இருந்தாலும் சரி."

போனை வைத்ததும் அவள் என் தோளில் சாய்ந்து அப்பாடா என்றாள். எனக்கும் உயிர் வந்தது.

ஆஸ்பத்திரிகளை வடிவமைக்கும் கட்டடக்கலைப் பேராசிரியர்கள் இருவரைப் பிடித்தாள். அவர்களுக்குக் கத்திரிக்கோலும் ஒன்றுதான், கடப்பாரையும் ஒன்றுதான். கட்டுரையைப் பிய்த்து எடுத்தார்கள். அவர் முணுமுணுக்காமல் திருத்திக் கொடுத்தார். தலைமை ஆசிரியர் தலையசைத்தார். மாதக் கடைசிக்குள் ஐந்தும் தேறின.

அச்சான இதழ் கைக்கு வந்த அன்று கத்திரிக்கோல் மறுபடியும் போன் செய்தார்.

"புதுசா படிச்ச ரெண்டு பேர்ல ரெண்டாவது ஆள் யாருன்னு கேட்கமாட்டேன். சொல்லவும் சொல்லாதீங்க," என்றார். "பத்தி பத்தியா சண்டை போட்டிருக்கார்மா. ஒருத்தர் என் எழுத்தை முழுசாப் படிச்சு எத்தனை வருஷமாச்சு!"

அவள் போனை வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே மேசையிலிருந்த காகிதங்களை ஒதுக்கி, எனக்கும் அவளுக்கும் தட்டு வைத்தாள்.