தகர டின்னுக்கு அசையாத குட்டி

ஒரே கோடையில் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குப் பழக்கம் சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று. ஒன்று, புதிதாக வந்த நாய்க்குட்டி. இன்னொன்று, அத்தை. இரண்டு பொறுப்பையும் பெரியப்பாவே ஏற்றுக்கொண்டார். அவர் ஏற்றுக்கொள்ளாத பொறுப்பு எங்கள் ஊரில் குறைவு.

பெரியப்பா மாட்டுக்குச் சுழி பார்ப்பதில் பேர் வாங்கியவர். உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் யாராவது உழவு மாடு வாங்கப் போனால் அவரை முன்னால் நடக்கவிட்டுத்தான் பின்னால் போவார்கள். மாட்டின் நெற்றியையும் முதுகையும் தடவிப் பார்த்து, இது குடும்பத்துக்கு ஆகும், இது ஆகாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அது பலித்ததா இல்லையா என்று பிறகு யாரும் போய் விசாரித்ததில்லை. மாடு பார்க்கத் தெரிந்தவருக்கு நாய் பார்க்கத் தெரியாதா, மாப்பிள்ளை பார்க்கத் தெரியாதா என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லோருடைய எண்ணமும். என் நைனா அவருக்குத் தம்பி. அண்ணன் சொன்னதற்கு மறுபேச்சு பேசிப் பழக்கமில்லாதவர்.

பழைய நாய் செத்துப்போனதில் களத்தில் காயும் வேர்க்கடலைக்குக் காவல் இல்லாமல் போயிற்று. பழையசீவரம் பக்கத்தில் பாலாற்று மணலில் கிர்ணிப்பழம் பயிர் வைத்திருந்தவரிடம் நல்ல குட்டிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, பெரியப்பா என்னைச் சைக்கிளின் முன் கம்பியில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினார். எனக்கு அப்போது எட்டு வயது. திரும்பி வரும்போது குட்டியை மடியில் வைத்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி நகத்தை எண்ணினார். வாயைப் பிளந்து அண்ணம் கறுப்பா என்று பார்த்தார். கடைசிப் பரீட்சைக்கு, பறவை விரட்டக் கட்டியிருந்த தகர டின்னை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, பால் குடித்துக்கொண்டிருந்த குட்டிகளுக்குப் பின்னால் போய் நின்று கட்டையால் ஓங்கித் தட்டினார். குட்டிகள் மூலைக்கொன்றாய்ச் சிதறின. தாய் நாயே துள்ளி எழுந்துவிட்டது. ஒரு வெள்ளைக் குட்டி மட்டும் வாயிலிருந்து நழுவிப்போன காம்பைத் தேடி அண்ணாந்து பார்த்ததோடு சரி.

"இதான். வெடி வெச்சாகூட அசையாது," என்றார் பெரியப்பா.

தோட்டக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. "இப்டின்னு தெரிஞ்சிருந்தா நானே வெச்சிக்கினு இருப்பேனே," என்றார். பெரியப்பா அதற்கு இடம் கொடுக்காமல் குட்டியைத் தூக்கி என் மடியில் வைத்தார். வழியெல்லாம் எதிரில் வந்தவர்களிடம் தகர டின் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். குட்டிக்கு டைகர் என்று பேர் வைத்ததும் சைக்கிளில் வரும்போதுதான்.

மறுநாளிலிருந்து பாடம் ஆரம்பமானது. பெரியப்பா கேழ்வரகுக் களியை உருண்டை பிடித்துக் கையில் வைத்துக்கொண்டு தூரத்தில் நின்று "டைகர், வா" என்பார். குட்டி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஓடி வரும். வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் வராது. வராத நேரத்துக்கு ஒரு புளியம் விளார் வைத்திருந்தார். அடி விழுந்ததும் குட்டி கத்திவிட்டு, எங்கிருந்து வந்தது இது என்பதுபோல நாலு பக்கமும் பார்க்கும். அப்புறம் அடித்தவரிடமே வாலை ஆட்டிக்கொண்டு வரும். எனக்கு அழுகையாக வரும். அழுதால் என்னையும் அங்கே நிற்கவிடமாட்டார்கள் என்பதால் அழாமல் இருந்தேன்.

"வீரமான ஜாதி. திமிர் இருக்கத்தான் செய்யும். அடிச்சிதான் வழிக்குக் கொண்டாரணும்," என்று பெரியப்பா நைனாவிடம் சொன்னார். நைனா ஆமாம் என்றார்.

இனி அத்தை. நைனாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. சின்ன வயதில் வந்த விஷக்காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. எங்கள் வீட்டில் யாரும் செவிடு என்ற வார்த்தையைச் சொல்வதில்லை. கொஞ்சம் மந்தம் என்பார்கள். காய்ச்சலுக்கு முன்னால் பேசப் பழகியிருந்ததால் நன்றாகப் பேசுவாள், ஏற்ற இறக்கம் மட்டும் இருக்காது. நம் வாயசைவைப் பார்த்தே சொல்வதைப் புரிந்துகொள்வாள். அவளைக் கூப்பிட வேண்டுமானால் காலால் தரையைத் தட்டுவோம். அதிர்வு தெரிந்து திரும்பிப் பார்ப்பாள். நான் அவளிடம் குரலே எழுப்பாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசுவேன். அம்மா பக்கத்தில் இருக்கும்போதே அம்மாவைப் பற்றிப் பேச முடிந்தது அந்த வழியில்தான். எல்லார் வீட்டிலும் ஒரு அத்தை இப்படித்தான் இருப்பாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் விஷயத்தைக் கேட்டதும் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிப் போய்விடுவார்கள். அதனால் இந்த முறை திருப்புலிவனத்திலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வதில்லை என்று பெரியப்பா முடிவெடுத்தார். மாப்பிள்ளைக்குக் கரும்பு நிலம் இருந்தது, பம்ப்செட் இருந்தது, கறாரான ஒரு அம்மா இருந்தார். "தாலி ஏறினப்புறம் தெரிஞ்சா இன்னா பண்ணிடுவாங்க," என்றார் பெரியப்பா. அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை என்பது அவள் பாத்திரம் வைத்த சத்தத்தில் தெரிந்தது. அந்தச் சத்தம் கேட்டிருக்க வேண்டியவளுக்குத்தான் கேட்கவில்லை.

ஆக, மாலை வேளைகளில் கூடத்தில் அத்தைக்குப் பாடம் நடந்தது. அம்மா மாப்பிள்ளையின் தாயாராக உட்காருவாள். முதலில் பேர் கேட்பாள், அப்புறம் சமையல், அப்புறம் மாடு கறக்கத் தெரியுமா என்பது. நான் அத்தையின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, பாவாடைக்கு அடியில் அவள் கால்மேல் விரலை வைத்திருப்பேன். ஒரு தடவை அழுத்தினால் தலையாட்ட வேண்டும். இரண்டு தடவை அழுத்தினால் தலையைக் குனிந்து சிரிக்க வேண்டும். வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையாவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்பதற்காகப் பெரியப்பா கண்டுபிடித்த ஏற்பாடு இது. கல்யாணத்துக்குப் பட்டுப்பாவாடை வாங்கித் தருவதாக எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் மிகவும் கவனமாக அழுத்தினேன்.

அத்தை சீக்கிரம் பழகிவிட்டாள். குட்டிதான் பழகவில்லை. ஒரு மதியம் களத்தில் அது தூங்கிக்கொண்டிருக்க, பக்கத்திலேயே ஆடுகள் புகுந்து வேர்க்கடலையை மேய்ந்துகொண்டிருந்தன. அன்று விழுந்த அடியைப் பார்த்துவிட்டு அத்தை மாட்டுக் கொட்டாயிலிருந்து வந்து குட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே அதை வைக்கோல் மேல் விட்டு, அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு பித்தளைச் செம்பைக் கீழே போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். போட்டேன். மாடுகள் மிரண்டன. குட்டி திரும்பவில்லை. அத்தை காலால் தரையைத் தட்டினாள். குட்டி உடனே திரும்பி அவளைப் பார்த்தது.

"அதுக்குக் காது கேக்கல. போயி பெரியப்பாகிட்ட சொல்லு," என்றாள்.

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். பெரியப்பா சிரித்தார். "போடி, தகர டின்னைத் தட்டியே அசையாத குட்டி..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு, வேறு யாரோ வாங்கி வந்துவிட்டதுபோல, "செவுட்டு நாய எவன் வூட்டுல வெச்சிக்குவான்," என்றார். "இத்த வெளிய சொல்லிக்கினு திரியாத. எவன் தலையிலயாவது கட்டிடலாம்."

அத்தை வாசற்படியில் நின்றிருந்தாள். பெரியப்பாவின் முகம் அவள் பக்கம்தான் திரும்பியிருந்தது.

அதற்குப் பிறகு விளார் ஓய்ந்தது, குட்டியை அத்தை எடுத்துக்கொண்டாள். காலைத் தட்டினால் பார்க்க வேண்டும், உள்ளங்கையைக் காட்டினால் உட்கார வேண்டும், விரல்களை மடக்கினால் ஓடி வர வேண்டும். சில நாட்களில் கையசைவிலேயே அதைக் கொல்லைக்கும் வாசலுக்கும் அனுப்பினாள். கோழிகளைப் பார்த்தால் குரைக்கவும் ஆடுகளைப் பார்த்தால் விரட்டவும் கற்றுக்கொடுத்தாள். ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் நடந்த இந்தப் பள்ளிக்கூடத்தைப் பெரியப்பா தூர நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் பார்க்காதவர்போலப் போய்விடுவார்.

மாப்பிள்ளை வீட்டார் கூண்டு வண்டியில் வந்தார்கள். அம்மா கேசரியும் காராபூந்தியும் வைத்தாள். மாப்பிள்ளை யாரையும் பார்க்காமல் தன் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தாயார் எல்லாவற்றையும் பார்த்தார். கேள்விகள் ஏறக்குறைய அம்மா கேட்ட வரிசையிலேயே வந்தன. நான் அழுத்தினேன், அத்தை தலையாட்டினாள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது சமையலறையில் குண்டான் ஒன்று மேலேயிருந்து விழுந்து உருண்டது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். மாப்பிள்ளைகூடத் தலையைத் தூக்கிவிட்டார். திரும்பாதது இரண்டே ஜீவன்கள். கூடத்து ஓரத்தில் படுத்திருந்த குட்டி, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை. நான் அழுத்த மறந்துபோனேன்.

மாப்பிள்ளையின் தாயார் அத்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எவ்ளோ அடக்கம். இவ்ளோ சத்தத்துக்கு நிமிந்துகூடப் பாக்கலயே," என்றார்.

"எங்க வூட்டுப் பழக்கம் அப்படிங்க," என்றார் பெரியப்பா.

அந்த அம்மாவின் கண் பிறகு குட்டியின் மேல் போயிற்று. "நாயிகூட அசையல பாரேன்," என்று வியந்தார். கரும்புத் தோட்டத்தில் காட்டுப் பன்றித் தொல்லை என்றும், இப்படி ஒரு தைரியமான குட்டியைத்தான் தேடிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். பெரியப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பொண்ணோடு சேர்த்து அதையும் ஓட்டிக்கொண்டு போங்கள் என்றார். இரண்டு கவலையும் ஒரே வண்டியில் ஏறுவது என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது?

அந்த அம்மா குட்டியைக் கூப்பிட்டுப் பார்த்தார். அது வேறு பக்கம் பார்த்துப் படுத்திருந்தது. திரும்பவும் கூப்பிட்டார். பிறகு சிரித்துக்கொண்டே, "பரவால்ல, வரட்டும். புதுசுல எல்லாமே அப்படித்தான். ரெண்டு போட்டா தன்னால பழகிக்கினு போவுது," என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் அத்தைக்கு நேராக இருந்தது.

என் விரல் அத்தையின் கால்மேல்தான் இருந்தது. நான் அழுத்தவில்லை. அந்தக் கால் என் விரலுக்கு அடியிலிருந்து நகர்ந்து தரையை இரண்டு தடவை தட்டியது. குட்டி எழுந்து திரும்பியது. அத்தை விரல்களை மடக்கினாள். அது ஓடி வந்து அவள் மடியில் ஏறிக்கொண்டது.

"இதுக்குக் காது கேக்காதுங்க," என்றாள் அத்தை, அந்த ஏற்ற இறக்கமில்லாத குரலில். "பின்னாடியிருந்து கூப்ட்டா வராது. திமிருன்னு நெனச்சி அடிச்சிடாதீங்க. கால தட்டினா பாக்கும், கையக் காட்டினா வரும். அவ்ளோதான். எனக்கும் அப்படித்தாங்க."

மாப்பிள்ளை அன்று முதல் தடவையாக அத்தையை நேராகப் பார்த்தார். அவருடைய தாயார் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். காபியை முழுக்கக் குடித்துவிட்டு, கலந்து பேசிச் சொல்லியனுப்புகிறோம் என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டுதான் வண்டி ஏறினார்கள். சொல்லியனுப்பவில்லை. அத்தையைத் திட்ட வேண்டுமென்றால் அவள் முகத்துக்கு எதிரே போய் நிற்க வேண்டும். பெரியப்பா ஏனோ அன்று அவள் முகத்துக்கு எதிரே போகவில்லை. கொல்லைப் பக்கம் போய்த் தென்னை மரத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். அம்மா மிச்சமிருந்த கேசரியில் பெரிய கரண்டியாக எடுத்து அத்தையின் தட்டில் வைத்தாள்.

எனக்குப் பட்டுப்பாவாடை போன கோபம். அத்தை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது எதிரில் போய் நின்று, குரல் எழுப்பாமல் வாயை மட்டும் அசைத்து, நான் அழுத்தவே இல்லையே, நீ ஏன் பேசினாய் என்று கேட்டேன்.

"நாயி பாவம் இல்ல?" என்றாள். சிரித்தாளா என்று சரியாக ஞாபகமில்லை.

டைகர் எங்கள் வீட்டிலேயே வளர்ந்து களத்தைக் காத்தது. ஆட்டுக்காரர்கள் அதன் கண்ணில் படாமல் போவதற்கு வேறு வழி தேடிக்கொண்டார்கள். யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு பெரியப்பா ஒரு நாள் களத்தில் காலைத் தட்டி, உள்ளங்கையைக் காட்டி, அதை உட்காரவைத்துப் பார்த்ததை நான் வைக்கோற்போருக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். பிறகு ஐயங்கார்குளத்திலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், அவர்கள் கால் கழுவும்போதே விஷயத்தைச் சொன்னவரும் அவர்தான். அவர்கள் உள்ளே வந்தார்கள். எனக்குப் பாவாடையும் கிடைத்தது.

ஆனாலும் திருப்புலிவனத்துக்காரர்களை நினைத்து நான் வெகு நாள் வருத்தப்பட்டிருக்கிறேன். நாயைப் பற்றிச் சொன்னதோடு அத்தை நிறுத்தியிருந்தால் குட்டியும் அடிபடாமல் தப்பியிருக்கும், கல்யாணமும் நடந்திருக்கும், கடைசியில் அந்த ஒரு வார்த்தைதான் வாய் தவறி வந்து காரியத்தைக் கெடுத்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்வதற்காகத்தான் அத்தை நாயிலிருந்து ஆரம்பித்தாள் என்பது, அவள் காலில் விரலை வைத்துக்கொண்டு அத்தனை பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவில்லை.