முகம் தெரியும் படம்

1953இல் சுலைஹாவின் கணவர் வியட்நாமின் சைகோனில் கடை வைத்து நிலைத்துவிட்டார். அவளும் அங்கே குடியேற, முகம் முழுவதும் தெரியும் புகைப்படம் ஒன்றை அனுமதிச் சீட்டுக்குக் கேட்டார்கள். அவர் கப்பலேறிய நாளிலிருந்து நீண்ட ஆறு வருடப் பிரிவு தீர அது ஒன்றுதான் பாக்கி.

காரைக்கால் ஸ்டூடியோவில், அந்நிய ஆணின் முன் முக்காட்டை விலக்க அவளுக்குக் கை வரவில்லை.

“சும்மா உக்காருங்கம்மா” என்றபடி, படம் எடுக்கும் நீலமேகம் கேமராவின் கறுப்புத் துணியைத் தன் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பாத்தியா லாத்தா, இப்ப அவருல்ல முக்காடு போட்டிருக்காரு” என்றாள் உடன் வந்த தங்கை நபீசா.

சுலைஹா சிரித்துவிட்டாள். முக்காடு விலகியது; நீலமேகம் படம் எடுத்துவிட்டார். அந்தச் சிரிப்போடுதான் சீட்டும் வந்தது.

சைகோனில் ஊர் ஏக்கம் வரும்போதெல்லாம் அந்தப் படத்தை எடுத்துப் பார்ப்பாள். சிரிக்க வைத்த தங்கை மட்டும் அதில் இல்லை. அவள் காரைக்காலிலேயே நின்றுவிட்டாள்.